கூரை தொட்ட செம்பருத்தி

பத்து நாள் தங்க வருகிறேன் என்பவர் எத்தனை பெட்டியோடு வருவார்? ஒன்று. கொஞ்சம் நாசூக்குப் பார்ப்பவர் என்றால் கூடவே ஒரு கைப்பை. லிஃப்ட் மெக்கானிக்கின் அக்கா இரண்டு பெரிய பெட்டிகளோடும் ஒரு மேஜை விளக்கோடும் தம்பி வீட்டு வாசலில் வந்து இறங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

மேஜை விளக்கை யாராவது பத்து நாளைக்குத் தூக்கிக்கொண்டு அலைவார்களா? மாட்டார்கள். அவள் நடத்திவந்த முடி அலங்காரக் கடை மூடியாகிவிட்டது. திரும்பிப் போக அவளுக்கு இடமில்லை. இது நமக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும். தம்பி மனைவிக்கு மட்டும்தான் தெரியாது. 'மெதுவாச் சொல்லிக்கலாம்' என்று மெக்கானிக் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறான். லிஃப்ட் நின்றுவிட்டால் நாலே எட்டில் ஓடுகிற ஆள், வீட்டு விஷயம் என்றால் மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவான்.

அதற்காக அவன் மனைவியை ஒன்றும் அறியாத அப்பாவி என்று நினைக்க வேண்டாம். அவளும் ஒன்றை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். பெரிய துணிக்கடை ஒன்றின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில், விற்ற உடைகளை ஆள் அளவுக்குப் பிடித்தும் பிரித்தும் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. டியூப் லைட் வெளிச்சத்தில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டி ஓட்டிக் கண் சோர்ந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு, வீட்டு முன்னறையின் கிழக்கு ஜன்னலடியில் மெஷினைப் போட்டுக்கொண்டு சொந்தமாகத் தைக்கப் போகிறாள். கணவனிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

ஆக, வீட்டில் வெளிச்சம் வரும் அறை ஒன்று. அதற்கு ஆசைப்படும் பெண்கள் இரண்டு பேர். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒருத்தர் சட்டமாகக் குடியிருக்கிறார்.

செம்பருத்தி.

வாங்கி வந்தபோது இடுப்பளவுதான் இருந்தது. ஜன்னலோரம் வெயில் வாகாக விழுகிறதே என்று பெரிய தொட்டியில் வைத்தார்கள். மெக்கானிக் பழைய உருளைகளைக் கொண்டு தொட்டிக்கு ஒரு சக்கரப் பலகைகூடச் செய்து கொடுத்தான். செடி யாரையும் கேட்காமல் வளர்ந்தது. கூரையைத் தொட்டது. தொட்டதோடு நிற்காமல், கழுத்தை வளைத்து விளக்கு வரை போனது. கீழே எல்லாம் வெறும் குச்சி, உச்சியில் மட்டும் இலை. பூப்பதும் அங்கேதான். வீட்டுக்காரர்களுக்குப் பூவின் பின்பக்கம்தான் தெரியும். உதிர்ந்து தரையில் விழுந்த பிறகுதான் அதன் நிறத்தையே நன்றாகப் பார்ப்பார்கள்.

"மேல் மாடிக்குப் போகப் பார்க்குது. ஒரு லிஃப்ட் வச்சுட வேண்டியதுதான்" என்பது மெக்கானிக் வழக்கமாகச் சொல்லும் ஜோக். ஆரம்பத்தில் மனைவி சிரித்திருக்கிறாள்.

சனிக்கிழமை காலை. மூன்று பேருமே வீட்டில். அக்காவுக்குக் கட்டில் போட வேண்டும், அதற்குச் செடியைக் குறைக்க வேண்டும் என்பது ஊரறிந்த காரணம். அக்கா கிளம்பியதும் அந்த இடத்தில் மெஷின் வரும் என்பது தையல்காரி மட்டும் அறிந்த காரணம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்ற சந்தோஷத்தில் அவள் சீக்கிரமே எழுந்து, அளவு டேப்பும் சிவப்பு நூலுமாக ஸ்டூல் மேல் ஏறிவிட்டாள்.

வீட்டுக்குப் பெரியவளான அக்கா டீ டம்ளரோடு முன்னறைக்கு வந்தபோது, செடியின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சிவப்பு முடிச்சு இருந்தது. எல்லாம் ஒரே மட்டத்தில்.

"என்னம்மா இது? செடிக்குப் பாவாடை தைக்கப் போறியா?"

"வெட்டற இடத்துக்கு அடையாளம் அண்ணி. தரையிலேர்ந்து அளந்து எல்லாத்தையும் ஒரே உயரத்துல கட்டியிருக்கேன். நர்சரிக்காரர்கிட்ட போன்ல கேட்டேன். கணு பார்த்து வெட்டுங்கன்னார்."

"ஒரே உயரமா வெட்டினா விளக்குமாறுதான் வரும். இங்க வா." பெரியவள் ஒரு கிளையை இழுத்துப் பிடித்தாள். "இலைக்காம்பு ஒட்டற இடத்துல சின்னதா ஒரு முளை தெரியுதா? அது எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தப் பக்கம்தான் புதுக் கிளை போகும். வெளிப்பக்கம் பார்க்கிற முளையா எடுத்து, அதுக்கு ஒட்டி மேல வெட்டணும். உள்பக்கம் பார்த்ததை விட்டா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். என் கடை வாசல்ல ஒண்ணு வச்சிருந்தேனே."

தையல்காரி தன் முடிச்சுகளைப் பார்த்தாள். பாதிக்கு மேல் இரண்டு கணுவுக்கு நடுவில் வெறும் தண்டில் உட்கார்ந்திருந்தன. "தையலுக்கு ஒரு அங்குலம் விட்டு வெட்டறது பழக்கமாப் போச்சு அண்ணி. அதான் இதுலயும் கொஞ்சம் தள்ளியே கட்டிட்டேன்."

"துணிக்கு விடலாம். இதுல விட்டா அந்த மிச்சக் குச்சி அழுகிக் கீழ இறங்கும்."

முடிச்சுகளை அவிழ்த்து, முளை பார்த்து, இருவருமாக மறுபடி கட்டினார்கள். பெரியவளுக்குக் கை அடங்கவில்லை. இதையும் எடு, அதையும் எடு என்று செடியை மொட்டையடிக்கப் பார்த்தாள். தையல்காரி விடவில்லை.

"மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே தடவைல எடுக்கக் கூடாதாம் அண்ணி. அதுலயும் பாதிக் கிளையைத்தான் இன்னைக்கு வெட்டணும். மீதியை அப்புறம், இது துளிர் விட்டதும். அப்பதான் செடி தாங்கும், பூவும் அடியோட நிக்காது. புதுக் கிளையிலதானே பூக்குது."

"அதுவும் சரிதான்."

"நாங்க ஆரம்பத்துலயே கிள்ளி விட்டிருக்கணும். பாவம் பார்த்து விட்டோம். இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். செடியைத்தான் சொன்னாள், சத்தியமாகச் செடியை மட்டும்தான். ஆனால் பெரியவள் டம்ளரை எடுத்து, அடியில் ஆறிப்போய்க் கிடந்த டீயை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று குடித்தாள்.

நல்லவேளையாக அந்த நேரத்தில் மெக்கானிக் பழைய பேப்பர்களோடு உள்ளே வந்தான்.

"சரி, ஆரம்பிக்கலாமா? கத்தரி எங்க?"

இப்படி ஒரு சிக்கல் வேறு எந்த வீட்டிலும் வராது. ஒருத்தி தையல்காரி, ஒருத்தி முடி திருத்துபவள். கத்தரிக்கா அந்த வீட்டில் பஞ்சம்? ஆனால் துணி வெட்டும் கத்தரியால் துணியைத் தவிர ஒரு காகிதத்தைக்கூட வெட்டக் கூடாது. பதம் போய்விடும். மெக்கானிக் ஒரு முறை பார்சல் டேப் வெட்ட அதை எடுத்துவிட்டு, வாரம் முழுக்கப் பேச்சில்லாமல் சாப்பிட்டான். முடி வெட்டும் கத்தரியின் சங்கதி அதைவிடக் கடுமை. பெரியவள் அதைத் தோல் உறையில் சுருட்டி வைத்திருப்பாள், பிறர் கை பட விடமாட்டாள்.

"என்னோடது கிடையாது" என்றாள் மனைவி.

அவன் அக்காவைப் பார்த்தான்.

"அதை என்கிட்ட நீ கேக்கவே கேக்காதடா."

சமையலறைக் கத்தரி எங்கே என்று தேடினால், வயர் சீவிச் சீவி அதன் வாயே பிளந்து கிடந்தது. அது யார் கைங்கரியம் என்று கேட்கவே தேவையில்லை. கடைசியில் அவன் தன் டூல்ஸ் பையிலிருந்து கம்பி வெட்டும் குறடை எடுத்து வந்தான்.

"கிளை நசுங்கிடும்!" என்று இரண்டு பெண்களும் ஒன்றாகக் கத்தினார்கள். அக்கா வந்த நாளாக இருவரும் ஒரே குரலில் சொன்ன முதல் விஷயம் அது.

"சரி தாயே, சரி. ஹார்டுவேர் கடைக்குப் போய் செடி வெட்டற கத்தரியே வாங்கிட்டு வர்றேன்" என்று அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

தையல்காரி தரையில் பேப்பர் விரித்தாள். அந்த மடப் பேச்சுக்கு எப்படிச் சமாதானம் சொல்வது என்று யோசித்தாள். சொன்னால் இன்னும் பெரிதாகிவிடுமோ என்றும் இருந்தது.

பெரியவள் எழுந்து உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் தோல் உறை. முடிச்சை அவிழ்த்து ஒரு கத்தரியை உருவினாள். நீளமான, மெல்லிய, கண்ணைக் கூசும் கத்தரி. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அதைத் துடைத்தாள். ஒரு கிளையைப் பிடித்து, முளைக்கு மேலே வைத்து, அழுத்தினாள்.

நறுக்.

"அண்ணி!"

தையல்காரிக்குத் தன் கையையே வெட்டியது போல இருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு கிளை விழுந்ததைத்தான் பார்த்திருப்பார்கள். அவள் கத்தரி வைத்துப் பிழைக்கிறவள். அந்த முனையில் பதம் போய்விட்டது, இனி ஒரு மயிரிழையைக்கூட அது சுத்தமாக வெட்டாது என்பது அவளுக்குத் தெரியும்.

"அது உங்க கடைக் கத்தரி. இனிமே அதுல முடி வெட்ட முடியாதே!"

"வெட்ட வேண்டியதில்ல" என்றாள் பெரியவள். அடுத்த கிளையைப் பிடித்தாள்.

நறுக்.

தொழிலில் இருப்பவள் தன் கத்தரியை இப்படிச் செய்ய மாட்டாள். தையல்காரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு பெட்டியும் மேஜை விளக்கும் எதற்கு வந்தன என்றும் விளங்கியது.

"கடை?"

"எடுத்துட்டேன்மா. கட்டடத்தையே இடிக்கிறாங்க. மேல நான் இருந்த வீடும் சேர்த்துத்தான்."

"வேற இடம் பார்த்திருக்கலாமே?"

பெரியவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வலது கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் லேசாக நடுங்கின. பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும், அவ்வளவு லேசாக.

"ஒருத்தர் காதைக் கீறிட்டேன். சின்னக் கீறல்தான், அவரும் பெருசு பண்ணல. ஆனா எனக்கு மனசு விட்டுப்போச்சு. செடின்னா காது இல்ல பாரு."

சிரிக்கத்தான் சொன்னாள். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப பத்து நாள்னு..."

"அவன்தான் அப்படிச் சொல்லச் சொன்னான். நானும் தலையாட்டினேன். தப்புதான்."

முதலில் அவளுக்கு வந்தது இரக்கம். அதன் பின்னாலேயே கோபம் வந்தது, அண்ணி மேல் அல்ல, அண்ணியை இப்படிப் பொய் சொல்ல வைத்தவன் மேல். இரண்டுக்கும் அடியில் ஒரு பயமும் இருந்தது. இது பத்து நாள் சமாச்சாரம் இல்லையென்றால் என் ஜன்னல்? அந்த நேரத்தில் அப்படித் தோன்றியதற்கு அவள் தன் மேலேயே கொஞ்சம் கோபப்பட்டுக்கொண்டாள். ஆனாலும் தோன்றியது தோன்றியதுதான்.

வாசலில் சத்தம். "கிடைச்சுடுச்சு! கடைசி பீஸ் இதுதானாம்!" என்று புதுக் கத்தரியை ஆட்டிக்கொண்டே மெக்கானிக் உள்ளே வந்தான். தரையில் கிளைகளைப் பார்த்தான். அக்காவின் தோல் உறையைப் பார்த்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாய் திறந்து, சத்தம் வராமல் நின்றான்.

"அண்ணி, அவர்கிட்டேர்ந்து அந்தக் கத்தரியை வாங்குங்க. தடிக் கிளைக்கு அதுதான் சரி."

பிறகு வேலை நடந்தது. செடி வேலை அப்படி, ஆரம்பித்துவிட்டால் நடுவில் கோபித்துக்கொண்டு போக முடியாது. இன்றைக்கென்று குறித்த கிளைகளை வெட்டி முடித்தார்கள். அடுத்தது வேர். தொட்டியைச் சாய்த்து, ரொட்டி வெட்டும் கத்தியை ஓரமாக விட்டுச் சுற்றி வர அறுத்து, மூவருமாக இழுத்தார்கள். செடி மண்ணோடு வந்தது. வேர்கள் போக இடமில்லாமல் தொட்டியின் உருவத்திலேயே சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டிருந்தன.

"அண்ணி, அவரை அடியில நல்லாப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றான் அவன்.

"சுத்தி ரெண்டு விரல் அளவுக்கு வேரைச் சீவிட்டு, அதே தொட்டியிலயே வைக்கணும். பெரிய தொட்டி கொடுத்தா அதுக்கேத்த மாதிரி மறுபடி வளரும்."

அவன் சீவினான். ஒரு ஜோக் சொல்லிப் பார்க்கலாமா என்று நினைத்து, செடி இப்போது கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டது என்று ஆரம்பித்தான். இரண்டு பேரும் சிரிக்காததால் பாதியிலேயே விட்டுவிட்டு மண்ணை அள்ளிப் போட்டான். புது மண் போட்டு, ஓரங்களைக் கட்டை விரலால் அமுக்கி, அளவாகத் தண்ணீர் விட்டார்கள். வேர் பிடிக்கும் வரை நேர் வெயில் ஆகாது என்று, சக்கரப் பலகையை உருட்டித் தொட்டியை மூலைக்குத் தள்ளினார்கள்.

மூவரும் நிமிர்ந்தபோது அறை வேறாக இருந்தது. இத்தனை நாள் இலைகளில் சிக்கிக் கிடந்த வெயில் எதிர்ச்சுவர் வரை போயிருந்தது. இந்த அறை இவ்வளவு பெரியதா என்று மூவருக்குமே ஆச்சரியம்.

மெக்கானிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"சூப்பரா இருக்கு. அக்கா கட்டிலை ஜன்னலோரமாப் போட்டுடலாம்."

"யாரைக் கேட்டு?" என்றாள் மனைவி.

அவன் கடைக்குப் போய் வந்ததிலிருந்து அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"இல்ல, நான் வந்து... மெதுவாச் சொல்லலாம்னு..."

"என்கிட்ட முன்னாடியே கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன். சந்தோஷமாச் சொல்லியிருப்பேன். கேக்காமலே எல்லாத்தையும் முடிச்சுட்டு, நான் சரின்னு சொல்றதுக்குக்கூட இடமில்லாமப் பண்ணிட்டீங்க. அண்ணியையும் பொய் சொல்ல வச்சு, அவங்க கத்தரியைப் பாழாக்கித்தான் உண்மையைச் சொல்ல வேண்டியதாப் போச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நகத்தில் இருந்த மண்ணை நோண்டினான்.

பெரியவள்தான் பேசினாள். "அவனை விடும்மா. இப்ப நான் என்ன பண்ணணும், சொல்லு."

"கேளுங்க அண்ணி."

"என்ன கேக்கணும்?"

"இங்க இருக்கலாமான்னு என்கிட்ட கேளுங்க."

பெரியவள் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். அம்மா அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தவள், தனியாகக் கடை வைத்தவள், நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் தலையைக் குனி, நிமிர்த்து என்று சொல்லியே பழகியவள்.

"இல்லைன்னு சொல்லிட்டா?"

"சொன்னா அப்ப பார்த்துக்கலாம். முதல்ல கேளுங்க."

பெரியவள் மண் அப்பிய கைகளை ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டாள்.

"நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"

"இருங்க அண்ணி" என்றாள் தையல்காரி. எதிர்ச்சுவரைக் கை காட்டினாள். "கட்டிலை அந்தச் சுவரோரம் போட்டுக்கலாம். ஜன்னல் மட்டும் எனக்கு வேணும்."

"தாராளமா எடுத்துக்கோ."

"ஜன்னல் எதுக்கு?" என்றான் மெக்கானிக்.

"மெஷின் போட."

"வீட்டுல எதுக்கு மெஷின்? கடையிலதான் நாள் பூரா தைக்கிறியே."

"கடை வேலையை விடறேன். திங்கக்கிழமை சொல்லப் போறேன்."

மெக்கானிக் நகத்தை நோண்டுவதை நிறுத்தினான். அவன் கத்தவில்லை, கோபப்படக்கூட இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

சற்று முன் இதே நியாயத்தைக் கேட்டது தன் வாய்தான் என்பது தையல்காரிக்கு நினைவு வந்தது. பெரியவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, உதிர்ந்த இலைகளைக் கூட்ட விளக்குமாற்றை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அப்ப நீயும் இப்ப கேளு, பொண்ணே."

தையல்காரி கணவனைப் பார்த்தாள். கேட்பது பெரிய காரியமில்லை, ஒரு வார்த்தைதான். ஆனால் கேட்டுவிட்டால் அவன் வேண்டாம் என்றும் சொல்லலாம்.